உச்சிவேளையில் விரியும் பூ

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வசந்தகுமாரி செடி உலர்த்தும் பலகையைப் பிரித்தபோது உள்ளே இருந்த செய்தித்தாள் நனைந்திருந்தது. ஐந்து வாரமாக வாரை இறுக்கிக் கட்டி, ஈரம் உறிஞ்சும் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த பலகை அது. உள்ளே இருக்கும் தாள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்க வேண்டும். இதுவோ பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. மோந்து பார்த்தாள். தண்ணீர் வடிந்த கடற்சேற்றின் வாடை, உப்பும் லேசான அழுகலும் கலந்து, மூக்கில் ஏறியது. வீடு இருப்பது சிங்கப்பூரில், சுவா சூ காங்கில், பதினோராம் மாடியில். கடல் வாடை வர அங்கே வழியே இல்லை.

வசந்தகுமாரி லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. பயப்பட வேண்டிய இடத்தில்கூடப் பயப்படாதவள் என்பதுதான் அவளிடம் இருந்த கோளாறு. கரையோரங்களில் என்னென்ன செடி முளைத்திருக்கிறது, எது இந்த மண்ணுக்கு உரியது, எது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்த்து ரிப்போர்ட் எழுதித் தருவது அவள் தொழில். பதினெட்டு வருஷமாகச் சேற்றில் நடந்தவள். வீட்டின் பாம் ஷெல்டர்தான் அவளுக்கு ஆபீஸ். போர் வந்தால் ஒளிந்துகொள்ளட்டும் என்று கட்டிக் கொடுத்த அந்த அறையில் மற்ற வீட்டார் அரிசி மூட்டையையும் பழைய ஃபேனையும் போட்டு வைப்பார்கள். இவள் செடிகளை உலர்த்தி அடுக்கி வைத்திருந்தாள். சன்னல் கிடையாது. சுற்றிலும் கனத்த கான்கிரீட், ஒரே ஒரு இரும்புக் கதவு. கதவைச் சாத்தினால் போன் சிக்னல்கூட உள்ளே எட்டாது. காகிதத்தை உலர்வாக வைத்திருக்க அதைவிட நல்ல இடம் சிங்கப்பூரில் எந்த அடுக்குமாடி வீட்டிலும் கிடைக்காது என்று அவளே பெருமையாகச் சொல்வாள்.

நனைந்த தாளை விரலால் தூக்கினாள். செடி பச்சையாக இருந்தது. தட்டையாகிப் பழுப்பேறிக் கிடக்க வேண்டிய தண்டு, உருண்டு திரண்டு சிவந்திருந்தது. மூன்று பட்டை கொண்ட சதைப்பற்றான இலைகள், மேலெல்லாம் கண்ணாடிப் பொட்டுகள் போல நீர்க்குமிழ்களுடன், புதிதாகத் துளிர்விட்டிருந்தன. தண்டின் நுனி தாளைத் துளைத்துக்கொண்டு பலகையின் ஓரத்தில் ஒரு விரற்கடை வெளியே நீண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த வகைச் செடியை அழுத்துவதற்கு முன் கொதிநீரில் முக்கிக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது சாகாது. தன் இலையில் இருக்கும் தண்ணீரையே குடித்துக்கொண்டு தாளுக்கு நடுவே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகள் செய்யும் தவறு. அன்றைக்குக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பேசி முடித்தவள் கொதிநீரை மறந்து, செடியை அப்படியே வைத்துக் கட்டிவிட்டாள். அந்தப் போனை நினைத்ததும் சிரிப்பு நின்றது.

சாயங்காலம் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை முடிந்து வந்த கணவன் பிரேம் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தான். “என்ன வசந்தா, கருவாடு வாங்கி வச்சிருக்கியா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போறாங்க லா” என்றான். செடி அழுகிவிட்டது, சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி அவள் பேச்சை மாற்றினாள்.

அந்தச் செடியைக் கண்டுபிடித்தது அவள் இல்லை. கண்டுபிடித்தவன் சின்னத்தம்பி. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து ஊர்க்காரன், இங்கே ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் கூலிவேலை. பையையும் பலகையையும் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது நிறுவனத்தார் அவனை அனுப்பினார்கள். சாங்கிக்கு அப்பால், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் ஓரத்தில், பாறை அடுக்குக்குக் கீழே பாய் விரித்தது போலச் செடி படர்ந்திருந்தது. இங்கே எல்லாக் கரையிலும் இருக்கும் சீ பர்ஸ்லேன் செடிதான் என்று எழுதிக்கொண்டு வசந்தகுமாரி நடந்துவிட்டாள். அவன்தான் பின்னாலிருந்து கூப்பிட்டான். ஓர் இலையைக் கிள்ளி, நடுவே ஒடித்து, வெட்டுவாயைக் காட்டினான்.

“அக்கா, இது வேற. எங்க ஊர் உமரிக் கீரையும் இல்ல, நீங்க சொல்றதும் இல்ல. பாருங்க, மூணு பட்டை இருக்கு.”

அவன் சொன்னது சரி. அது எங்கிருந்தோ வந்து வேர்பிடித்த செடி. தீவில் யாரும் இதுவரை எழுதி வைக்காதது. மூன்று இனங்களில் ஒன்றாக இருக்கலாம், எது என்று பூவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அன்று பூ இல்லை. இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எவர் கை செடியைப் பறித்ததோ அவர் பெயர்தான் செடியோடு வைக்கும் சீட்டில் ‘பறித்தவர்’ என்ற இடத்தில் வர வேண்டும். பறித்தவன் அவன். சீட்டில் தன் பெயரை எழுதினாள் அவள்.

இந்த வகைப் பூ வெயில் உச்சிக்கு வரும்போது மட்டும் விரியும். இரண்டு நாள் கழித்து வந்த ஞாயிறு உச்சிவேளைக்குப் போய்ப் பறித்துவரச் சொல்லி அவனை அனுப்பினாள். அவனுக்கு வார விடுமுறை அந்த ஒரு நாள்தான். அக்கா கேட்டுவிட்டாரே என்று போனான். பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் நன்றாக வடிந்திருக்கும் என்று கடலின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து அவளே சொன்னாள். பார்த்த வரி முந்தைய ஞாயிற்றுக்கிழமையுடையது. ஒரு வாரம் தள்ளினால் கடலில் வற்றம் இருந்த நேரத்தில் ஏற்றம் வந்துவிடும். அவன் போன நேரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது.

இதுவரை தவறு என்று சொல்லலாம். தவறு யாருக்கும் நேரும். ஆனால் பன்னிரண்டே காலுக்கு, அவள் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. “அக்கா, தண்ணி ஏறிட்டு வருதுக்கா. பூ அந்தப் பக்கத்துப் பாறையில இருக்கு. எனக்கு நீச்சல் தெரியாது. திரும்பிரட்டுமா?” அவளுக்கு எரிச்சல் வந்தது. அட்டவணை பொய் சொல்லாது, இவன்தான் சோம்பல்படுகிறான் என்று நினைத்தாள். இரண்டே சொல்லில் பதில் அனுப்பினாள்: “பூவோட வாங்க.”

மூன்றாம் நாள் பாறை இடுக்கில் கிடைத்தான். ஞாயிறு ராத்திரி கெட்டில் கொதிக்கும்போது வந்தது, அவன் அறைக்குத் திரும்பவில்லை என்று சொன்ன போன்தான். அன்றிரவே அவள் இரண்டு செய்திகளையும் அழித்தாள். அவன் கைபேசி கடலோடு போயிற்று. விசாரித்தவர்களிடம், தான் யாரையும் அனுப்பவில்லை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாள். விடுமுறை நாளில் குடித்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பான் என்று நிறுவனத்தார் எழுதி முடித்தார்கள்.

போன ஞாயிறு அவனோடு ஒரே அறையில் இருந்த இராமசாமி தேக்காவில் அவளைத் தேடிப் பிடித்தான். சண்டை போடவில்லை. ஊரில் சின்னத்தம்பியைக் குடிகாரன் என்று பேசுகிறார்களாம். கட்டியவன் வாழ்க்கையில் சாராயத்தைத் தொட்டதில்லை என்று அவன் மனைவி ரஞ்சிதம் கதறியும் மாமியார் வீட்டில் யாரும் நம்பவில்லையாம். “ஒரே ஒரு வார்த்த அவங்களுக்குச் சொல்லுங்கக்கா. வேலையாத்தான் போனான்னு. அது போதும்” என்று கேட்டு, ரஞ்சிதத்தின் நம்பரையும் கொடுத்துப் போனான். அதற்குப் பிறகு ரஞ்சிதத்திடமிருந்தே மூன்று குரல் செய்திகள் வந்தன. வசந்தகுமாரி எதையும் திறக்கவில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அவள் கவலை அதில் இருந்தது.

வியாழக்கிழமை ஷெல்டரைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். செடி பலகையை விட்டு இறங்கியிருந்தது. அலமாரியின் பின்பக்கமாகத் தரைக்கு வந்து, அங்கிருந்து சுவர் மூலையில் ஏறிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். வேர் கான்கிரீட்டுக்குள் போயிருந்தது. தரை ஈரம். சுவரைச் சுற்றிக் கணுக்கால் உயரத்தில் வெள்ளையாக ஓர் உப்புக் கோடு. மேலே குழாய் ஏதும் கசிகிறதா என்று பார்த்தாள். ஷெல்டருக்குள் குழாயே கிடையாது. அந்த நேரம் மூன்று ஐம்பது.

அப்போதே கதவைச் சாத்தி யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கூப்பிட்டிருப்பார்கள். இவள் லென்ஸை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். ஏனென்றால் ஒவ்வொரு இலையிடுக்கிலும் மிளகு அளவில் ஒரு மொட்டு இருந்தது. மொட்டின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ரோஜா நிறம். அவள் நெஞ்சு படபடத்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

வெள்ளிக்கிழமை ஒரு மொட்டைத் தண்டோடு வெட்டிக் கண்ணாடி டம்ளரில் போட்டு, நடுப்பகல் வெயில் படும் சன்னலோரம் வைத்தாள். அது விரியவில்லை. அரைமணி நேரத்தில் கறுத்துக் கூழாகி, டம்ளரின் அடியில் படிந்தது. செடி இருக்கும் இடத்திலேயே பூத்தால்தான் உண்டு என்று புரிந்தது. அன்று உப்புக் கோடு முழங்காலுக்கு ஏறியிருந்தது. ஈரம் வந்தது நான்கு நாற்பதுக்கு. புதன் மூன்று, வியாழன் மூன்று ஐம்பது, வெள்ளி நான்கு நாற்பது. நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வருவது எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல்தான் அப்படி வரும்.

முதல் தடவையாக முதுகுத்தண்டில் சில்லென்றது. ஆனாலும் அவள் செய்தது என்ன? அட்டவணையை எடுத்தாள். ஞாயிறு உச்சிவேளைக்கு வற்றம். இந்தத் தடவை தேதியை விரல் வைத்துப் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். பன்னிரண்டு பத்துக்குத் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும். அதற்குள் பூவைப் பார்த்து, இதழை எண்ணி, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அதன் பிறகு ஆட்களைக் கூப்பிட்டுச் செடியைச் சுரண்டி எடுத்து எரித்துவிடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு ரஞ்சிதத்திடமிருந்து நான்காவது செய்தி வந்தது. கை தவறியோ என்னவோ அது திறந்துகொண்டது. குரல் சின்னதாக, அழுது ஓய்ந்த பிறகு பேசும் குரலாக இருந்தது. “அக்கா, அவுகளுக்குத் தண்ணின்னாலே பயம். கெணத்தடிக்குக்கூடப் போமாட்டாக. தானாப் போயிருக்க மாட்டாக. யாராச்சும் அனுப்புனாகளா? தெரிஞ்சாச் சொல்லுங்கக்கா. எம்புள்ளைக்கு நான் என்ன சொல்லி வளப்பேன்?”

வசந்தகுமாரி பதில் எழுதும் கட்டத்தைத் தொட்டாள். உண்மையைச் சொல்ல மூன்று சொல் போதும். அந்த மூன்று சொல்லோடு தன் பதினெட்டு வருஷப் பெயர் போய்விடும் என்று நினைத்தாள். நிதானமாகத் தட்டினாள்: “எனக்கு ஒன்னும் தெரியாதும்மா. அவரா போயிருப்பாரு. நான் வேணாம்னு சொல்லியிருந்தேன்.” அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு கோடு விழுந்தது.

ஷெல்டருக்குள் ஏதோ மோதியது.

கனமான சத்தம். தண்ணீர் பாறையில் அடித்துத் திரும்பும் சத்தம். பிறகு கூழாங்கற்கள் உருள்வது. மறுபடி அடித்தது. இரும்புக் கதவின் கீழிடுக்கில் ஒரு சொட்டுகூட வரவில்லை. அவள் கூடத்து நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஆறு மணிக்கு ஓய்ந்தது. திறந்து பார்த்தபோது அறை காலியாக இருந்தது, தரை மின்னியது. உப்புக் கோடு அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதுவரை சுவர்மூலையில் இருந்த செடி நான்கு சுவரிலும் படர்ந்திருந்தது. அதை யாரோ கோபத்தோடு வளர்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. யார் என்றும் தெரிந்தது. அந்தப் பெயரை நினைக்க விடாமல் மனதை இழுத்துப் பிடித்தாள்.

ஞாயிறு காலை பிரேம் வேலைக்குப் போனான். பதினொன்றே முக்காலுக்குப் பத்துக்கிலோ அரிசி மூட்டையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். வெளியே பளீரென்ற வெயில். கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகளின் கூச்சல், பக்கத்து வீட்டில் இஞ்சி வதங்கும் மணம், யாரோ துணி உலர்த்தும் மூங்கிலைக் குழாயில் செருகும் சத்தம். இவ்வளவு வெளிச்சத்தில் என்ன நடந்துவிடும்? லென்ஸ், சின்ன இடுக்கி, போன். உள்ளே போனாள்.

தரை உலர்ந்திருந்தது. அட்டவணை சொன்னபடியே. மனதுக்குத் தெம்பு வந்தது. மொட்டுகள் எல்லாம் பருத்து, வெடிக்கத் தயாராக இருந்தன. விளக்குக்கு நேரே இருந்த ஒன்றின் முன்னால் குனிந்து லென்ஸைக் கண்ணில் வைத்தாள். பச்சை மடல் மெல்லப் பிரிந்தது. உள்ளே நூல் நூலாக ரோஜா நிற இதழ்கள். எண்ணத் தொடங்கினாள். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. மூன்று இனங்களில் எது என்று தெரிந்துவிட்டது. பெயர் நாக்கு நுனிக்கு வந்தது.

பின்னால் அரிசி மூட்டை நகர்ந்தது.

மெதுவாக. ஈரத் தரையில் நகர்வது போல வழுக்கிக்கொண்டு. அவள் திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அறையவில்லை. பொறுமையாக, ஒரு வேலையை ஒழுங்காக முடிக்கிறவன் சாத்துவது போலச் சாத்தியது. கைப்பிடி தானாக மேலிருந்து கீழே இறங்கி நின்றது. விளக்கு அணைந்தது.

போன் வெளிச்சத்தைப் போட்டாள். கைப்பிடியை இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. கணுக்காலில் குளிர்ந்தது.

மணி பன்னிரண்டு ஐந்து. வற்றம். வற்ற நேரம்தான். சரியான வரிதான். விரல் வைத்துத்தான் பார்த்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அப்போதுதான் புரிந்தது. இது இந்த ஞாயிற்றுக்கிழமையின் தண்ணீர் இல்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய பன்னிரண்டு மணி.

கத்தினாள். பிரேமைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டாள். கான்கிரீட் அத்தனையையும் விழுங்கியது. கடைசியில் அந்தப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். சின்னத்தம்பி. தம்பி, தெரியாமச் செஞ்சுட்டேன். தெரிந்துதான் செய்தாள். அது அவனுக்கும் தெரியும். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

போன். ரஞ்சிதம். அவசரமாகத் தட்டினாள். நான்தான் அவரை அனுப்பினேன். மூன்றே சொல்தான். பெயர் போனால் போகட்டும், அவளுக்குத் தெரியட்டும், அவள் பிள்ளைக்குத் தெரியட்டும் என்று இப்போது நிஜமாகவே நினைத்தாள். அனுப்பினாள். செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் ஒன்று வந்து நின்றது. கோடு விழவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கினாள். கூரையில் ஒட்டிப் பிடித்தாள். கடிகாரம். கடிகாரம் மட்டும். இங்கே சிக்னல் எட்டாது.

நெஞ்சு. தோள். உப்பு உதட்டில் கரித்தது.

சுவரில் ஏதோ சரசரத்தது. வெளிச்சத்தை அடித்தாள். நான்கு சுவரிலும், கூரையிலும், தண்ணீருக்கு அடியிலும் மொட்டுகள் விரிந்துகொண்டிருந்தன. நூறு. இருநூறு. உச்சி வெயிலை மட்டுமே பார்த்து விரிகிற பூ. இங்கே வெயில் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் சூரியனைக் கண்டது போல முழுசாக விரிந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றது.

கால் தரையை விட்டு எழும்பியது. வாயை மூடிக்கொண்டு, மூக்கைக் கூரைக்குத் தூக்கி, அவள் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினாள். பூக்களும் திரும்பின.